கார்த்தஹேனாவின் நவம்பர் திருவிழா: சைவ உணவுக்கார அம்மாவோடு ஒரு வாரம்

சென்னையிலிருந்து நீங்கள், உங்கள் மனைவி, 64 வயது அம்மா மூவரும் 2026 நவம்பரில் கொலம்பியாவின் கரீபியத் துறைமுக நகரமான கார்த்தஹேனாவுக்குப் போக நினைக்கிறீர்கள். சுதந்திரத் திருவிழாவைப் பார்க்க வேண்டும், கையில் ஒரு வாரம்தான், அம்மா சைவம், கூட்டமும் சத்தமும் ஓரளவுக்கு மேல் தாங்க மாட்டார். எந்தத் தேதி, எங்கே தங்குவது, எதில் ஏமாறாமல் இருப்பது என்பது உங்கள் கேள்வி.

சுருக்கமான பதில்: நவம்பர் 6 வெள்ளிக்கிழமை அங்கே இறங்குங்கள், 13 வெள்ளிக்கிழமை காலையில் கிளம்புங்கள். விமான டிக்கெட்டுக்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விஷயத்தை முடியுங்கள். இந்தப் பயணத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது அதில்தான் என்பதால் முதலில் அதையே சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் கொலம்பியா இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி 6 நாட்களுக்குள் இந்தியாவில் இறங்குகிறவரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால், விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தும் இடத்துக்கு அனுப்பலாம். மொத்தம் 6 நாள் வரை. கொலம்பியாவுக்குள் நுழையும்போது யாரும் கேட்காமல் விட்டுவிடலாம். திரும்பும்போது மீனம்பாக்கத்தில் கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நினைத்த நாளில் போய் நின்றால் கிடைக்காது, நாள் கேட்டுக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். வேறு மருத்துவமனையில் போட்டுக்கொண்டு வரும் சீட்டு உதவாது. அங்கீகரிக்கப்பட்ட மையத்தின் மஞ்சள் நிறப் புத்தகம்தான் கணக்கு.

சிக்கல் உங்கள் அம்மாவுக்கு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியை முதன்முறையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டாலோ பெரும்பாலும் போடவே மாட்டார்கள். ஆகவே அவரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் ஜூலை, ஆகஸ்டிலேயே கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால், அந்தக் கடிதத்தை மட்டும் நம்பித் திரும்பி வராதீர்கள். கொலம்பியாவிலிருந்து கிளம்பியபின் ஏதாவது ஐரோப்பிய நாட்டில் 6 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வரும்படி பயணத்தை நீட்ட வேண்டியிருக்கும். அதற்கு நாளோ பணமோ இல்லையென்றால் அம்மாவை இந்தப் பயணத்தில் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

விசா அதைவிட எளிது, ஒரு நிபந்தனையோடு. செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ ஷெங்கன் (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) விசாவோ வைத்திருக்கும் இந்தியர்கள், அது கொலம்பியாவில் நுழையும் நாளில் குறைந்தது இன்னும் 180 நாள் செல்லும் என்றால், தனி விசா இல்லாமல் 90 நாள் வரை தங்கலாம். பத்தாண்டு அமெரிக்கச் சுற்றுலா விசா இருந்தால் கவலையில்லை. ஆனால் இந்தப் பயணத்துக்காகவே வாங்கிய ஒரு மாத ஷெங்கன் விசா உதவாது. அது புரியாமல் சென்னை கவுன்டரிலேயே போர்டிங் மறுக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் இல்லையென்றால் கொலம்பிய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்திலேயே சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தது இரண்டு மாதம் முன்னால் தொடங்குங்கள். இது தவிர, பறப்பதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ‘செக்-மிக்’ என்ற இணையப் படிவத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலித் தளம்.

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. பிராங்க்பர்ட், பாரிஸ், இஸ்தான்புல் போன்ற ஊர் வழியாக பொகோத்தா போய், அங்கிருந்து ஒன்றரை மணி நேர உள்நாட்டு விமானத்தில் கார்த்தஹேனா. அமெரிக்கா வழி என்றால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். மற்ற நாடுகளின் இடைமாற்ற விதியையும் டிக்கெட் எடுக்கும் அன்றே பார்த்துவிடுங்கள். பொகோத்தா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவு அங்கே தங்க நேர்ந்தால் ஸ்வெட்டர் கைப்பையில் இருக்கட்டும், அம்மாவை வேகமாக நடக்க வைக்காதீர்கள். உள்நாட்டு விமானத்தை மலிவாகக் கிடைக்கிறதென்று தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது போனது போனதுதான். மூன்றையும் ஒரே டிக்கெட்டில் எடுப்பதே நிம்மதி.

இனி தேதிக் கணக்கு. கொலம்பியாவில் பல விடுமுறைகள் சட்டப்படி அடுத்து வரும் திங்கட்கிழமைக்கு நகர்ந்துவிடும். கார்த்தஹேனா சுதந்திர நாள் நவம்பர் 11. 2026இல் அது புதன்கிழமை. நாடு முழுவதற்கும் விடுமுறை வருவதோ 16 திங்கள். அதேபோல நவம்பர் 1 புனிதர் நாளின் விடுமுறை 2 திங்களுக்குப் போகிறது. அதாவது அக்டோபர் 31 முதல் நவம்பர் 2 வரை ஒரு நீண்ட வார இறுதி, 14 முதல் 16 வரை இன்னொன்று. அந்த இரண்டிலும் பொகோத்தா, மெதெயீன் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்கு இறங்குவார்கள், உள்நாட்டு விமானமும் விடுதி அறையும் விலை ஏறும். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை பொகோத்தாவிலிருந்து வரும் விமானங்கள் நிரம்பி வழியும். எதிர்த்திசையில் போகும் உங்களுக்கு அப்படியில்லை. 16ஆம் தேதி திரும்ப முயன்றால் கதை தலைகீழ். இதனால்தான் 6 முதல் 13 வரை என்றேன். ஊர்வலங்கள் 11ஐச் சுற்றி நடப்பவை; பின்வரும் வார இறுதிக்கும் சில தள்ளிப்போகும். எது எந்த நாள் என்ற பட்டியலை நகராட்சியின் பண்பாட்டு நிறுவனம் சில வாரங்களுக்கு முன்புதான் ஸ்பானிய மொழியில் வெளியிடும். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் 17 செவ்வாய் வரை இருக்க வேண்டும். அம்மாவோடு போகிறவருக்கு அது தேவையில்லை.

திருவிழா எதைப் பற்றியது என்று தெரிந்துகொண்டு போனால் ஊர் வேறு மாதிரித் தெரியும். 1533இல் பெத்ரோ தே ஹெரேதியா நிறுவிய நகரம் இது. தென் அமெரிக்க வெள்ளியும் தங்கமும் ஸ்பெயினுக்குக் கப்பலேறிய வழி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்கி விற்ற சந்தையும் இதுவே. இன்று மணிக்கூண்டைத் தாண்டியதும் எல்லோரும் படம் எடுக்கும் பிளாசா தே லோஸ் கோச்செஸ் சதுக்கத்தில்தான் அந்த ஏலம் நடந்தது. 1811 நவம்பர் 11 அன்று, பழைய நகரத்தைச் சூழ்ந்த மதிலுக்குள் இருந்த பெரிய மனிதர்கள் தயங்கிக்கொண்டிருக்க, மதிலுக்கு வெளிப்புறத் தீவான ஹெத்செமனியின் கைவினைஞர்களும் கறுப்பின மக்களும் பெத்ரோ ரொமேரோவின் தலைமையில் திரண்டு வந்து ஆட்சிக்குழுவை நெருக்கி, ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலையைக் கையெழுத்திட வைத்தார்கள். 1815இல் ஸ்பானியத் தளபதி மொரியோ நூறு நாளுக்கு மேல் முற்றுகையிட்டுப் பட்டினி போட்டு நகரத்தைத் திரும்பப் பிடித்தார். 1816 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்ட தலைவர்களின் மார்பளவுச் சிலைகள் மணிக்கூண்டுக்கு எதிரே வரிசையாக நிற்கின்றன. ஆக இது ஹெத்செமனியின் திருவிழா. 1934இல் தொடங்கிய தேசிய அழகிப் போட்டி பல பத்தாண்டுகள் நவம்பரைத் தன்வசம் வைத்திருந்ததும், தெருமக்களின் விழா ஓரத்துக்குத் தள்ளப்பட்டதும் அந்த ஊரில் இன்னும் ஆறாத வழக்கு.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று கபில்தோ: அடிமைக் காலத்து ஆப்பிரிக்கக் கூட்டமைப்புகளின் நினைவாக, அரசன் அரசி வேடத்தோடு பறை முழங்க ஹெத்செமனிக்குள் வரும் ஊர்வலம். இன்னொன்று பாண்டோ: கடலோரமாக மதிலை ஒட்டி ஓடும் அவெனிதா சாந்தாந்தேர் சாலையில் நடக்கும் பெரிய அணிவகுப்பு. கும்பியா, மபலே ஆட்டக் குழுக்கள், பள்ளி மாணவர்கள், முகமூடிகள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கபில்தோவைத் தேர்ந்தெடுங்கள். பாண்டோ பிற்பகலில் நடந்தால், கடலைப் பார்த்து நிற்பவருக்கு வெயில் கண்ணில் அடிக்கும், மறுபக்கம் நிற்பவருக்கு முதுகில் விழும். நவம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். இருட்டியபின் ஆட்டத்தைவிடக் குடியும் வெடியும்தான் அதிகம், எனவே அம்மாவை ஐந்து மணிக்கே அறைக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

அந்தச் சாலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருடைய விமானம் இதனால்தான் தவறுகிறது. ரஃபாயேல் நூன்யெஸ் விமான நிலையம் பழைய நகரத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் பதினைந்து நிமிடம். போகும் வழியோ இதே சாந்தாந்தேர் சாலை. ஊர்வல நாளில் அதை அடைத்துவிடுவார்கள். எல்லா வண்டியும் உள்ளே தொரீசெஸ், கனபோத்தே பகுதி வழியாகத் திரும்பி நெரியும், டாக்சிக்காரர்கள் வரவே மறுப்பார்கள். 11ஆம் தேதி கிளம்பவோ இறங்கவோ வேண்டாம். வேறு வழியில்லையென்றால் விமான நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே அறையை விட்டு இறங்குங்கள்.

தங்கும் இடம். ஹெத்செமனியில் திரினிதாத் சதுக்கத்தைச் சுற்றித்தான் விழாவின் உயிர் இருக்கிறது, தூக்கம் இருக்காது. பீக்கோ என்று அழைக்கப்படும் ஆளுயர ஒலிபெருக்கி அடுக்குகளில் விடியும்வரை சம்பேத்தா இசை ஓடும். (கப்பலோட்டிகள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டுகளிலிருந்து இந்த ஊரின் ஏழைப் பேட்டைகளில் வளர்ந்த இசை அது, கேட்க வேண்டியதே, தலைமாட்டில் வேண்டாம்.) பொகாகிராந்தே உயர் கட்டடப் பகுதியில் லிஃப்ட், கடற்கரை எல்லாம் உண்டு, ஆனால் ஊர்வல நாளில் பழைய நகரத்திலிருந்து துண்டிக்கப்படும், மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும். உங்களுக்கு நான் சொல்வது மதிலுக்குள் வடக்குப் பக்கமான சான் தியேகோ. ஹெத்செமனிக்கு இருபது நிமிட நடை, இரவில் ஓரளவு அமைதி. பழைய வீடுகளை விடுதியாக மாற்றியவை என்பதால் லிஃப்ட் அரிது. தரைத்தளம் வேண்டும், தெருப்பக்கம் வேண்டாம், உள்முற்றத்தைப் பார்த்த அறை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்பதையும் கேளுங்கள். நவம்பர் புழுக்கத்தில் ஏசி இல்லாமல் வயதானவர் தூங்க முடியாது.

தெருவில் இறங்கினால் மேலே விழுபவை: மைசேனா எனப்படும் சோள மாவு, ஸ்ப்ரே டப்பா நுரை, சிலசமயம் நீலச் சாயம். யாரும் அனுமதி கேட்க மாட்டார்கள். கிளம்புமுன் முகம், கை, தலைமுடி எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சாயம் தோலில் ஊறாது. தூக்கி எறியக்கூடிய பழைய உடை, கண்ணை மூடும் கண்ணாடி, போனுக்கு ஜிப் பிளாஸ்டிக் உறை. சோள மாவு சார்ஜர் துளையில் புகுந்து ஈரத்தோடு சேர்ந்து களியாகிவிடும். ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த மாவுப் புழுதிக்குள் போகவே கூடாது. வெளியே நின்று பார்த்தாலும் இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். நுரை டப்பாவில் இருக்கும் வாயு தீப்பிடிக்கக்கூடியது. பக்கத்திலேயே புஸ்காபியே எறிகிறார்கள். அது தரையில் ஓடி ஓடிக் கால்களைத் தேடும் ஒருவகைச் சீறுவெடி; ஆண்டுதோறும் தடை போட்டும் வெடிக்கிறது, ஆண்டுதோறும் தீக்காயமும் உண்டு. செருப்பு வேண்டாம், மூடிய ஷூவும் பருத்தி பேண்டும் போடுங்கள். நைலான், பாலியஸ்டர் உடை பொறி பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குறுகிய தெருக்களில் இளைஞர்கள் கயிற்றைக் குறுக்கே பிடித்துச் சில்லறை கேட்பார்கள், தராவிட்டால் சாயம். 500, 1,000 பேசோ நாணயங்கள் பையில் இருந்தால் வாதாட வேண்டியதில்லை. நெரிசலில் பெண்களிடம் அத்துமீறுவது இங்கும் உண்டு. உங்கள் மனைவி ஓரத்தில், சுவரை ஒட்டி நிற்கட்டும். கூட்டத்தின் நடுவில் தனியாக விடாதீர்கள்.

மழையை மறந்துவிடாதீர்கள். அக்டோபரும் நவம்பரும் அங்கே மழைக்காலத்தின் உச்சம், கடல்மட்டமும் அப்போதுதான் உயர்ந்திருக்கும். ஊரின் பல பகுதிகள் கடல்மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்த தரைதான். ஓதம் ஏறும்போது வடிகால் வழியாகத் தண்ணீர் கடலுக்குப் போகாமல் கடல்நீர் தெருவுக்கு வரும். பொகாகிராந்தே, மாங்கா பகுதிகளில் மழையே இல்லாத நாளில்கூடக் கணுக்கால் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் இதுவே. 2020 நவம்பரில் அயோட்டா புயல் ஊரைத் தொடாமலே கொட்டித் தீர்த்து நகரத்தின் பெரும்பகுதியை மூழ்கடித்தது. சாதாரண ஆண்டில் மழை பிற்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் அடித்து ஓயும். எனவே வெளிவேலையெல்லாம் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். குடையைவிட ரெயின்கோட் நல்லது, கூட்டத்தில் குடை விரிக்க முடியாது. கொசுவுக்கு ‘டீட்’ கலந்த களிம்பை இங்கிருந்தே எடுத்துப் போங்கள், டெங்கு உண்டு.

விழாவுக்கு முந்தைய நாட்களை இப்படிச் செலவழிக்கலாம். 7ஆம் தேதி ஓய்வும் மதில்மேல் மாலை நடையும். 8ஆம் தேதி காலையில், கதவு திறந்ததும், சான் ஃபெலிப்பே கோட்டை. நிழலே இல்லாத செங்குத்துச் சரிவு. ஒன்பதரைக்கு மேல் போனால் வெயிலும் கப்பல் பயணிகள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சொகுசுக் கப்பல்கள் வரும் பருவம் அக்டோபரிலேயே தொடங்கிவிடுகிறது. உள்ளே சுரங்கப்பாதைகள் தாழ்வானவை. மூட்டுவலி இருந்தால் அம்மா முதல் தளத்தோடு நிற்கலாம். 1741இல் ஆங்கிலேயத் தளபதி வெர்னன் ஏறத்தாழ 180 கப்பல்களோடு வந்து இந்தக் குன்றடியில்தான் தோற்றுப் போனார். எதிர்த்து நின்ற பிளாஸ் தே லெசோ முந்தைய போர்களில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்து, ஒரு கையின் இயக்கமும் போனவர். இங்கிலாந்தில் வெற்றிப் பதக்கம் அடித்த பிறகு தோல்விச் செய்தி போய்ச் சேர்ந்தது.

9 திங்களன்று ரொசாரியோ தீவுகள், அதுவும் வானம் தெளிவாக இருந்தால் மட்டும். படகுகள் பொதெகீத்தா துறையிலிருந்து காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பும். டிக்கெட் போக துறைமுக வரியைத் தனியாகக் கட்ட வேண்டும், அதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். திரும்பும் நேரத்தில் காற்று எழும்பி வேகப்படகு அலைமேல் குதித்துக் குதித்து வரும்; முதுகுவலிக்காரர்கள் பின்வரிசையில் உட்கார வேண்டும், முன்வரிசையில்தான் அடி அதிகம். அம்மாவுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள சான் பசிலியோ தே பலேங்கே ஊருக்குப் போகலாம். தப்பி ஓடிய அடிமைகள் பெங்கோஸ் பியோஹோவின் தலைமையில் மரபை ஊன்றிய ஊர், சொந்த மொழியை இன்றும் பேசுகிறவர்கள். கார்த்தஹேனாத் தெருவில் பழக்கூடையோடு வண்ண உடையில் நிற்கும் பெண்கள் அந்த ஊர்க்காரர்களே. அவர்களைப் படம் எடுத்தால் பணம் தர வேண்டும். தொகையை முதலில் பேசிவிடுங்கள்.

சாப்பாடு நினைப்பதைவிட நன்றாகவே நடக்கும். ஆனால் ‘கார்னே’ (இறைச்சி) இல்லாமல் என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியை விட்டுவிட்டுக் கோழியோ ஹாமோ போட்டுத் தருவார்கள், அவர்கள் கணக்கில் அது தவறில்லை. ‘சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்’ (இறைச்சி, கோழி, மீன், ஹாம் இல்லாமல்) என்று நான்கையும் சொல்லுங்கள், ஒரு சீட்டில் எழுதியும் வைத்துக்கொள்ளுங்கள். பீன்ஸ் குழம்பில் பன்றிக்கொழுப்பு இருக்கும், சூப்பில் கோழிச்சாறு இருக்கும், தவிர்த்துவிடுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியவை: தேங்காய்ப்பால் வற்றிக் கசடு சிவக்கும்வரை காய்ச்சி அதில் வேகவைக்கும் தேங்காய்ச் சாதம் (லேசாக இனிக்கும்), வாழைக்காயைத் தட்டி இரண்டு முறை பொரித்த பத்தகோன், பாலாடைக்கட்டி வைத்த மரவள்ளிக்கிழங்குக் கரிமன்யோலா. கரிமன்யோலாவில் கறி வைத்ததும் உண்டு, கடிக்கும் முன் கேளுங்கள். தெருக்கடையில் எல்லாம் ஒரே எண்ணெயில் பொரிபடும். அம்மாவுக்கு அது ஒப்பாது என்றால் சமையலறை உள்ள தங்கும் வீடே சரி. அரிசி, பருப்பு, தக்காளி, தேங்காய் எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும். மிளகாய்த்தூள், பெருங்காயம், புளிக்காய்ச்சல் கொண்டுபோனால் போதும். குக்கர், கெட்டில் எடுத்துப் போகாதீர்கள்: அங்கே 110 வோல்ட், தட்டையான இரட்டை முள் பிளக். போன், மடிக்கணினி சார்ஜர் மட்டும் வேலை செய்யும். பழச்சாறுக் கடையில் நிஸ்பெரோ என்று கேட்டால் சப்போட்டா, குவானாபனா என்றால் முள் சீத்தா. புளிச்சாறும் உண்டு. மணிக்கூண்டுக்கு உள்ளே வளைவுகளின் கீழ் கண்ணாடி ஜாடிகளில் விற்கும் தேங்காய் மிட்டாயும் புளி உருண்டையும் அம்மாவுக்குப் பிடிக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, டாலருக்கும் பேசோவுக்கும் இடையே மாற்றுவிலை ஆடிக்கொண்டே இருக்கும். விலைப்பலகையில் 25 என்றிருந்தால் 25 ஆயிரம். 50,000 நோட்டுக்கே சில்லறை கிடைப்பது கடினம், 1,00,000 நோட்டை வாங்கவே வேண்டாம். தெருவில் பணம் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் நிற்காதீர்கள். டாக்சிகளில் மீட்டர் கிடையாது, நகராட்சி நிர்ணயித்த கட்டணம்தான். விமான நிலையத்தில் இறங்கியதும் போகுமிடத்தைச் சொன்னால் தொகை அச்சிட்ட சீட்டுத் தருவார்கள், அதைத்தான் கொடுக்க வேண்டும். மற்ற இடங்களில் ஏறும் முன் பேசிவிடுங்கள். இரவுக்கும் விடுமுறைக்கும் கூடுதல் உண்டு. திருட்டு பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வந்து கையிலிருக்கும் போனைப் பறிப்பதுதான், ஆகவே சாலையோரம் நின்று மேப் பார்க்காதீர்கள், கடைக்குள் போய்ப் பாருங்கள். முன்பின் தெரியாதவர் தரும் பானத்தைத் தொடவே வேண்டாம். மயக்க மருந்து கலந்து கொள்ளையடிப்பது கொலம்பியாவில் கட்டுக்கதையல்ல. பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு நகலை எடுத்துப் போங்கள், அவசரத்துக்கு 123.

11ஆம் தேதி காலை, தெருக்கள் அடைபடும் முன்பே தண்ணீர், பழம், அம்மாவின் மாத்திரை, அடுத்த நாள் காலை உணவு வரை வாங்கி அறையில் வைத்துவிடுங்கள். சிறு கடைகள் மதியத்துக்கு மேல் ஷட்டரை இறக்கிவிடும், மறுநாளும் பல கடைகள் பத்து மணிக்கு முன் திறக்காது.